மூச்சைப் பிடிக்க முடியாதவரின் இதயத்தைப் படம் எடுப்பது எப்படி? ஒரு நாற்பது வருடக் கதை

1/
ஒரு சின்ன வேலை செய்வோமா?

மல்லாக்கப் படுத்துக்கோங்க. வலது கையை, வலது பக்க விலா எலும்பு முடியும் இடத்தில் வயிற்றின் மேல் வைங்க. சாதாரணமா மூச்சு விடுங்க. கை மேலே ஏறிக் கீழே இறங்குதா?

அந்தக் கைக்கு உள்ளே, உதரவிதானம் என்ற தசை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இறங்கி ஏறுகிறது. அதன் கீழே ஒட்டியிருக்கும் கல்லீரலும் கூடவே போய் வருகிறது. அதன் மேலே உட்கார்ந்திருக்கும் இதயமும்தான்.

2/
இப்போ இன்னொரு கணக்கு.

இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி ரத்தக்குழாய்களின் உள் அகலம் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர்.

அதாவது, படம் எடுக்க வேண்டிய பொருள் ஒரு தீக்குச்சி தடிமன். அது ஒவ்வொரு மூச்சுக்கும் தன் அகலத்தைப் போலப் பல மடங்கு தூரம் நகர்கிறது. போதாததற்கு நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை தானாகவும் துடிக்கிறது.

இதை எம்.ஆர்.ஐ. மாதிரி மெதுவான ஒரு இயந்திரத்தில் எப்படிப் படம் எடுத்தார்கள்? இந்த இழை அந்த வரலாறுதான். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

3/
"இதுல என்ன டாக்டர் இருக்கு, மூச்சைப் பிடிக்கச் சொன்னா முடிஞ்சது" என்று நினைப்பீர்கள். நியாயமான கேள்வி.

எக்ஸ்ரே எடுக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்வார்கள். நீங்கள் பிடித்து முடிப்பதற்குள் படம் எடுத்தாகிவிடும். நொடியில் ஒரு சிறு பங்குதான் வேலை.

ஆனால் இதய எம்.ஆர்.ஐ. அப்படி இல்லை. முழுப் பரிசோதனை முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் பத்து, பதினைந்து நொடி மூச்சை நிறுத்துவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

4/
இப்போ அந்த மேசையில் படுப்பவர் யார் என்று யோசியுங்கள்.

இதயம் பலவீனமாகி, மாடி ஏறினால் இரைப்பவர். நுரையீரலில் நீர் கோத்து, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூங்க முடிகிறவர். மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவர். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள நான்கு வயசுக் குழந்தை.

இவர்களிடம்தான் "மூச்சைப் பிடி" என்கிறோம்.

எவருக்கு இந்தப் பரிசோதனை அதிகம் தேவையோ, அவரால்தான் அதன் நிபந்தனைக்குக் கட்டுப்பட முடியாது. இந்த முரண்பாட்டோடு மருத்துவமும் இயற்பியலும் மல்லுக்கட்டிய கதை இது.

5/
முதலில், மூச்சு ஏன் எம்.ஆர்.ஐ. படத்தை இவ்வளவு கெடுக்கிறது?

செல்போன் கேமராவில் ஆடுகிற பொருளை எடுத்தால், ஆடிய பகுதி மட்டும் மங்கும். பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருக்கும். எம்.ஆர்.ஐ. அப்படி மன்னிக்காது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் படத்தை நேரடியாக எடுப்பதில்லை. உடலிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை வரி வரியாகச் சேகரித்து, கே-ஸ்பேஸ் என்ற ஒரு கணக்குக் கட்டத்தில் நிரப்பும். கட்டம் நிரம்பியதும் கணிதம் போட்டுப் படமாக மாற்றும்.

6/
இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தைப் பற்றிய தகவலும் கொஞ்சம் இருக்கும். "இந்த வரி கல்லீரலுக்கு, இந்த வரி இதயத்துக்கு" என்ற பாகப்பிரிவினை கிடையாது.

சாம்பாரில் ஒரு கரண்டி உப்பு கூடிப்போனால், போட்ட மூலையில் மட்டுமா கரிக்கும்? அதே கதைதான். சில வரிகள் மூச்சு உள்ளே இருக்கும்போதும் சில வரிகள் வெளியே போனபோதும் சேர்க்கப்பட்டால், கெடுவது முழுப் படம்.

நெஞ்சுச் சுவரின் நிழல்கள் இரண்டு மூன்றாக அடுக்கடுக்காக இதயத்தின் மேலேயே வந்து விழும். இந்தத் துறையில் அதற்குப் பெயரே "பேய் பிம்பம்".

7/
சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1973. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் வேதியியலாளர் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தைக் கொண்டு படம் உருவாக்கும் முறையை நேச்சர் இதழில் வெளியிட்டார். அந்த இதழ் முதலில் அதை நிராகரித்தது என்பது தனிக் கதை.

அவர் எடுத்த படத்தில் இருந்தவை தண்ணீர் நிரப்பிய இரண்டு சின்னக் குழாய்கள். அவை அசையவில்லை. மூச்சும் விடவில்லை. அதனால் அழகாக விழுந்தன!

8/
1977 ஜூலை 3. நியூயார்க்கின் புரூக்ளினில் ரேமண்ட் டமேடியன் என்ற மருத்துவரின் குழு, மனித உடலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை எடுத்தது. முதலில் டமேடியனே உள்ளே உட்கார்ந்து பார்த்தார், சரிவரவில்லை. பிறகு ஒல்லியான மாணவர் லாரி மின்காஃப் உட்கார்ந்தார்.

எடுத்தது எந்த இடம் தெரியுமா? நெஞ்சு. ஆன நேரம் 4 மணி 45 நிமிடம்.

அந்த நேரம் முழுக்க மின்காஃபின் இதயம் துடித்தது, நுரையீரல் விரிந்து சுருங்கியது. புள்ளி புள்ளியாக எடுத்த அந்தப் படத்தில் ஒரு நெஞ்சின் தோராய வடிவம் கிடைத்தது. அது மனித நெஞ்சு என்று தெரிந்ததே அன்றைக்குப் பெரிய சாதனை.

9/
அதே 1977-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் வேறு மாதிரி யோசித்தார். நோயாளியை நிறுத்த முடியாவிட்டால் இயந்திரத்தை வேகமாக்கு. ஒரே தூண்டலில், நொடியில் ஒரு சிறு பங்குக்குள் முழுப் படத்தையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எக்கோ பிளானார் என்று அதற்குப் பெயர்.

1980-களின் தொடக்கத்தில் உயிருள்ள முயலின் நெஞ்சை அவர் குழு அசையும் படமாகவே எடுத்தது. ஆனால் படம் கரடுமுரடு. சின்ன ரத்தக்குழாய் எதுவும் தெரியாது.

எண்ணம் முன்னால் ஓடிவிட்டது. இரும்பும் கம்பிச்சுருளும் பின்னால் மூச்சிரைக்க வந்தன. லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

10/
இதற்கிடையில் இரண்டு அசைவுகளில் ஒன்று சுலபமாக மடங்கியது. துடிப்பு.

துடிப்புக்கு மின்சாரக் கையெழுத்து உண்டு. ஈ.சி.ஜி.யில் உயரமாக எழும் ஆர் அலையைப் பார்த்ததும் இயந்திரம் எண்ணத் தொடங்கும். இதயம் விரிந்து ஓய்வாக இருக்கும் அந்தக் கணம் வந்ததும் சில வரிகளை எடுக்கும். அடுத்த துடிப்பில் அதே கணத்தில் அடுத்த சில வரிகள். 1980-களின் முதல் பாதியிலேயே இது வந்துவிட்டது.

துடிப்பு அநேகமாக ஒரே தாளம். மூச்சு அப்படியா?

11/
மூச்சுக்கு ஈ.சி.ஜி. மாதிரிக் கூர்மையான அடையாளம் இல்லை. அதோடு, இதயம் நாம் சொன்னால் கேட்காது, மூச்சு கேட்கும். தானாகவும் ஓடும், நம் இஷ்டத்துக்கும் ஓடும். பயந்தால் வேகமாகும். தூங்கினால் பாணி மாறும். இருமல் வரும், பெருமூச்சு வரும். "அசையாதீங்க" என்று சொன்ன உடனேயே எச்சில் விழுங்கத் தோன்றும்!

குழாய்க்குள் படுத்து, டக் டக் என்று சத்தம் கேட்கும்போது யாருக்குத்தான் மூச்சு சீராக இருக்கும்?

12/
முதல் தீர்வு: வயிற்றில் ஒரு பெல்ட்.

காற்று நிரப்பிய சுருங்கி விரியும் குழாயை வயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள். மூச்சுக்கு ஏற்ப அழுத்தம் மாறும். மூச்சு வெளியே போய் அமைதியாக இருக்கும்போது மட்டும் சிக்னல் எடு, மற்ற நேரம் சும்மா இரு. வேலை செய்தது, ஆனால் நேரம் எக்கச்சக்கம்.

1985-ல் கிரேம் பைடர் உள்ளிட்ட இங்கிலாந்துக் குழு ஒன்று புத்திசாலித்தனமான மாற்று சொன்னது. எந்த நேரமும் சிக்னல் எடு. ஆனால் எந்த வரியை எப்போது எடுப்பது என்பதை மூச்சின் நிலையைப் பார்த்து முடிவு செய்.

13/
பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைக் கண்டபடி நிற்க வைத்தால் தலைகள் ஏறி இறங்கித் தெரியும். உயரவாரியாக நிற்க வைத்தால் ஒரே சாய்வு.

கே-ஸ்பேஸிலும் அதையே செய்தார்கள். பக்கத்துப் பக்கத்து வரிகள் ஏறக்குறைய ஒரே மூச்சு நிலையில் எடுக்கப்பட்டால் பேய் பிம்பங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பேய் ஓடிவிட்டது.

இந்த முறையின் பெயர்ச் சுருக்கம் "ரோப்". நோயாளி வழக்கம்போல மூச்சு விடலாம். மூச்சுக்கு ஏற்ப இயந்திரம் தன்னை மாற்றிக்கொண்டது. இந்த எண்ணத்தை நினைவில் வைங்க, பின்னால் மறுபடியும் வரும்.

14/
1991-ல் காற்று திசை மாறியது.

அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் எடல்மேனும் சக ஆய்வாளர்களும், ஒரு துடிப்புக்கு ஒரு வரி என்றிருந்ததை ஒரு துடிப்புக்குப் பல வரிகள் என்று மாற்றினார்கள். பல நிமிடம் பிடித்த ஒரு ஸ்லைஸ், சுமார் 16 துடிப்புகளில் முடிந்தது. அதாவது ஒரே மூச்சுப்பிடிப்பில்!

1993-ல் வாரன் மானிங், எடல்மேன் குழு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. 39 பேருக்கு, ஊசி போட்டுக் குழாய் நுழைக்காமல், எம்.ஆர்.ஐ. மூலமாகவே கரோனரி அடைப்புகளைப் பார்த்து, வழக்கமான ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டார்கள். பெரிய அடைப்புகளில் 90 சதவீதத்தைக் கண்டுபிடித்தது.

கத்தி இல்லாமல், கதிர்வீச்சு இல்லாமல் ஆஞ்சியோ. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

15/
ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது.

ஒரு மூச்சுப்பிடிப்புக்கு ஒரு ஸ்லைஸ்தான். வளைந்து நெளிந்து ஓடும் குழாயை முழுக்கப் பின்தொடர மறுபடியும் மறுபடியும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரே அளவில்தான் மூச்சை நிறுத்துவீர்கள் என்று என்ன நிச்சயம்? இந்த முறை உதரவிதானம் ஐந்து மில்லிமீட்டர் மேலே நின்றால், பார்க்க வேண்டிய குழாய் ஸ்லைஸுக்கு வெளியே போய்விடும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே உதரவிதானம் மெல்ல நகரவும் செய்யும்.

இது ஆரோக்கியமானவர்களுக்கே. 4-வது பதிவில் சொன்ன நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்தது.

16/
மறுகதவு ஏற்கெனவே வேறு ஊரில் திறந்திருந்தது.

1989. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் மேயோ கிளினிக். ரிச்சர்ட் எமன், ஜோயல் ஃபெல்ம்லி என்ற இருவர் எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். உறுப்பு எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துகொள்ள வயிற்றில் பெல்ட் எதற்கு? எம்.ஆர்.ஐ. இயந்திரமே உடலுக்குள் பார்க்கக்கூடியதுதானே. அதையே அளக்கச் சொன்னால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் நேவிகேட்டர். படத்துக்கான சிக்னலுக்கு நடுவே, ஒரு நொடியின் சிறு பங்கில், அசைவை மட்டும் அளக்க ஒரு குட்டிச் சிக்னல்.

17/
இதய ஸ்கேனில் அந்த நேவிகேட்டரை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? இதயத்தில் இல்லை. நீங்கள் முதலில் கை வைத்தீர்களே, அந்தப் பக்கம். வலது உதரவிதானத்தின் மேடு.

ஏன் அங்கே? மேலே நுரையீரல், முழுக்கக் காற்று, எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு. கீழே கல்லீரல், வெளிச்சம். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டியது போல இருக்கும். பென்சில் தடிமனில் ஒரு கற்றையை மேலிருந்து கீழாக அந்த இடத்தில் செலுத்தினால், கோடு இப்போது எங்கே நிற்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும்.

இதயத்திலேயே கற்றையை விட்டால், எடுக்க வேண்டிய படத்தின் சிக்னலையே அது கெடுத்துவிடும். அதனால்தான் இதயத்தைப் பார்க்கக் கல்லீரலைக் கேட்கிறார்கள்!

18/
இங்கே ஒரு கேள்வி வரணும். கல்லீரல் 10 மில்லிமீட்டர் இறங்கினால் இதயமும் 10 மில்லிமீட்டர் இறங்குமா?

1995-ல் யீ வாங், ஸ்டீஃபன் ரீடரர், எமன் ஆகியோர் ஆரோக்கியமானவர்களைப் படுக்க வைத்து அளந்தார்கள். இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தோடு ஏறக்குறைய ஒட்டி நகர்கிறது. மேலே, வலது கரோனரி கிளம்பும் இடம் அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், சராசரியாக 0.57 மடங்கு நகர்கிறது.

இதிலிருந்து புழக்கத்துக்கு வந்த எண் 0.6. உதரவிதானம் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் இதயம் 3 மில்லிமீட்டர் நகர்ந்ததாக எடுத்துக்கொள். 1997-ல் பாஸ்டன் குழு, இந்தக் கணக்கின்படி நகர்வைப் பின்தொடர்ந்து, ஸ்லைஸையே உடனுக்குடன் நகர்த்தும் முறையைக் காட்டியது.

19/
ஆக, முழு ஏற்பாடு இப்படி: நோயாளி சாதாரணமாக மூச்சு விடுவார். ஒவ்வொரு துடிப்பிலும் நேவிகேட்டர் கல்லீரலின் கோட்டைப் பார்க்கும். மூச்சு வெளியே போன நிலைக்குப் பக்கத்தில், ஒரு 5 மில்லிமீட்டர் ஜன்னலுக்குள் கோடு நின்றால் அந்த வரிகளை வைத்துக்கொள்ளும். வெளியே நின்றால் தூக்கிப் போடும். ஜன்னலுக்குள் மிச்சமிருக்கும் சின்ன அசைவை 0.6 கணக்கில் சரிசெய்யும்.

மூச்சு வெளியே போன நிலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உள்ளே இழுக்கத் தசை வேலை செய்ய வேண்டும். அமைதியாக வெளியே விடும்போது தசை தளர்கிறது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அங்கே கொஞ்ச நேரம் தங்கவும் செய்கிறது.

20/
2001. வோன் யோங் கிம், மானிங் உள்ளிட்டோர் பல மையங்களில் 109 நோயாளிகளிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை.

கரோனரியின் தொடக்க, நடுப் பகுதிகளில் 84 சதவீதம் படித்துப் பொருள் சொல்லும் அளவுக்கு விழுந்தன. இடது பிரதான ரத்தக்குழாயிலோ மூன்று குழாய்களிலுமோ அடைப்பு இருந்தவர்களில் ஒருவரைக்கூட அது தவறவிடவில்லை. ஆனால் அடைப்பு நோய் உண்டா இல்லையா என்ற பொதுவான கேள்விக்கு அதன் துல்லியம் 72 சதவீதம்தான்.

நல்ல மதிப்பெண். ஆனால் ஆஞ்சியோகிராமை வீட்டுக்கு அனுப்பும் மதிப்பெண் இல்லை.

21/
குறை எங்கே இருந்தது?

ஒன்று, 0.6 என்பது சராசரி. சராசரி என்பது யாருடைய நெஞ்சுக்கும் அளந்து தைத்த சட்டை கிடையாது. ஒருவருக்கு 0.3 இருக்கும், இன்னொருவருக்கு 0.8 இருக்கும்.

இரண்டு, எடுத்த சிக்னலில் பாதிக்கு மேல் பல நேரம் குப்பைக்குப் போனது. பத்து நிமிட ஸ்கேன் இருபது நிமிடமாகும். நோயாளி அசந்து தூங்குவார், மூச்சின் பாணி மாறும், கல்லீரல் கோடு ஜன்னலைவிட்டு வெளியே போய்விடும். இயந்திரம் வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலக் காத்திருக்கும்.

22/
அதற்குள் போட்டியாளர் வந்துவிட்டார்.

2004, 2005 வாக்கில் 64 ஸ்லைஸ் சி.டி. ஸ்கேனர்கள் பரவின. சில நொடி மூச்சுப்பிடிப்பு, கரோனரி முழுக்கத் தெரியும். கதிர்வீச்சு உண்டு, அயோடின் மருந்து உண்டு. ஆனால் வேகம் ஜெயித்தது. இன்றைக்கும் குழாய் நுழைக்காத கரோனரி ஆஞ்சியோ என்றால் பெரும்பாலும் சி.டி.தான்.

அப்படியானால் இத்தனை வருட உழைப்பு வீணா?

இங்கேதான் கதையின் எனக்குப் பிடித்த திருப்பம். ரத்தக்குழாயைத் தேடிப் போனவர்கள் செய்துவைத்த கருவி, இதயத் தசைக்குப் பயன்பட்டது.

23/
2000-ல் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் குழு சிகாகோவிலிருந்து ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திச் சில நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், செத்துத் தழும்பாகிப் போன தசை வெள்ளையாகத் தெரியும். உயிரோடு இருக்கும் தசை கறுப்பாக இருக்கும்.

இது ஏன் முக்கியம்? மாரடைப்புக்குப் பிறகு ஒரு பகுதி அசையவில்லை என்றால், அது செத்துவிட்டதா, ரத்தம் பத்தாமல் முடங்கிக் கிடக்கிறதா? முடங்கியிருந்தால் அடைப்பை நீக்கினால் எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு. செத்திருந்தால் பலன் குறைவு. பைபாஸ் செய்வதா வேண்டாமா என்ற முடிவில் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால் இதற்கும் ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் மூச்சைப் பிடிக்கணும்.

24/
2005. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் கெல்மன் குழு இதை அவிழ்த்தது.

உங்கள் செல்போனில் நைட் மோட் இருக்கில்லையா? இருட்டில் ஒரே படம் எடுத்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். அதனால் போன் வேக வேகமாகப் பல படங்களை எடுத்து, உங்கள் கை நடுக்கத்தைச் சரிக்கட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒரே தெளிவான படமாக்கும்.

கெல்மன் செய்ததும் அதே வழி. ஒரு துடிப்புக்குள் ஒரு முழுப் படம். தனியாகப் பார்த்தால் இரைச்சல் நிறைந்தது. நோயாளி மூச்சு விட விடப் பல படங்கள். பிறகு கணினி, இதயத்தின் வடிவத்தை அடையாளம் கண்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு இழுத்துப் பொருத்தி, சராசரி எடுக்கும். 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

25/
2013-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று, இந்த முறையை மூச்சுப்பிடிப்பு முறையோடு ஒப்பிட்டது. மூச்சு விட்டபடி எடுத்த படங்களே தரத்தில் மேலாக இருந்தன.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. மூச்சைப் பிடிக்க முடியாமல் இந்த முறைக்கு மட்டுமே வந்தவர்கள்தான் பின்னாளில் அதிக மோசமான விளைவுகளைச் சந்தித்தவர்கள்.

யோசித்துப் பாருங்கள். மூச்சுப்பிடிப்பைக் கட்டாயமாக்கிய காலத்தில், இவர்கள் படம் "தெளிவில்லை" என்று ஒதுக்கப்பட்டிருப்பார்கள். ஆய்வுகளில் சேர்க்கப்படாமலும் போயிருப்பார்கள். ஒரு தொழில்நுட்பத்தின் வசதிக்காக, மிக நோயுற்றவர்களே கணக்கிலிருந்து காணாமல் போகும் ஆபத்து இது.

26/
இன்னொரு உதாரணம், தலசீமியா.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் குழந்தைகளைத் தெரியும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்புச்சத்து உடலில் தேங்கும். இதயத்தில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து இதயத்தின் இரும்பைச் சரியாகச் சொல்ல முடியாது.

2001-ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் லிசா ஆண்டர்சன், டட்லி பெனல் குழு, டி2 ஸ்டார் என்ற எம்.ஆர்.ஐ. அளவைக் கொண்டு இதயத்தின் இரும்பை அளக்கலாம் என்று காட்டியது. 20 மில்லி நொடிக்குக் கீழே போனால் எச்சரிக்கை.

27/
அந்த முதல் முறையில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக மூச்சைப் பிடிக்க வேண்டும். 2003-ல் அதே மருத்துவமனையின் மார்க் வெஸ்ட்வுட் குழு எல்லாவற்றையும் ஒரே மூச்சுப்பிடிப்பில் அடக்கியது.

ஒரு தடவை. அவ்வளவுதான். பத்து வயசுப் பிள்ளையால் முடியும்.

இரும்பை வெளியேற்றும் மருந்துகள் மேம்பட்டதோடு, யாருக்கு எவ்வளவு தீவிரமாகக் கொடுப்பது என்பதை இந்த அளவு காட்டியது. பிரிட்டனில் இரும்பு தேங்குவதால் நேர்ந்த தலசீமியா மரணங்கள் அதன் பிறகு பெருமளவு குறைந்தன. பல மூச்சை ஒரு மூச்சாக்கிய கணக்குக்கும் அதில் பங்கு உண்டு.

28/
கடைசிக் கட்டம். இங்கே மூச்சின் மேல் இருந்த பார்வையே மாறுகிறது.

கே-ஸ்பேஸை வரி வரியாக நிரப்பாமல், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல நிரப்பினால்? ஒவ்வொரு கம்பியும் நடுக் குடத்தைத் தொட்டுத்தான் போகும். அந்த நடுப் புள்ளியில் படத்தின் மொத்த வெளிச்சம் பதிந்திருக்கிறது. மூச்சு ஏறி இறங்க அந்த எண்ணும் ஏறி இறங்கும். ஆக, படத்துக்கான சிக்னலே மூச்சையும் சொல்லிவிடும். பெல்ட்டும் வேண்டாம், கல்லீரலைக் கேட்கவும் வேண்டாம். 2005 முதலே இதயத்தில் இந்த வழி சோதிக்கப்பட்டது.

29/
2007-ல் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜான் பாலி ஆகியோர், குறைவான சிக்னலிலிருந்தே முழுப் படத்தை மீட்கும் கணித முறையை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 2016-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லீ ஃபெங் குழு சொன்னது: எதையும் தூக்கிப் போடாதே. மூச்சு உள்ளே இருந்தபோது வந்தவற்றை ஒரு பெட்டியில் போடு, பாதி இறங்கியபோது வந்தவற்றை இன்னொன்றில், வெளியே போனபோது வந்தவற்றை வேறொன்றில். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படம்.

2018-ல் லொசான் நகரின் மத்தியாஸ் ஷ்டூபரோடு சேர்ந்து இதையே முழு இதயத்துக்கும் விரித்தார்கள். நீளம், அகலம், ஆழம், துடிப்பு, மூச்சு. ஐந்து பரிமாணம். 2001-ன் அந்த 109 பேர் ஆய்விலும் இருந்தவர்தான் ஷ்டூபர்.

நாற்பது வருடமாகக் குப்பை என்று தள்ளப்பட்ட மூச்சு, தகவலாக மாறிவிட்டது. 1985-ன் ரோப் முறை சொன்ன அதே மனப்பான்மைதான்: நோயாளி அவர் பாட்டுக்கு மூச்சு விடட்டும், நாம் மாறிக்கொள்வோம்.

30/
மான்ஸ்ஃபீல்டின் பழைய கனவும் வீண் போகவில்லை. 2010-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் யென்ஸ் ஃபிராம் குழு, ஒரு படத்துக்கு 20 மில்லி நொடி என்ற வேகத்தை எட்டியது. நொடிக்கு 50 படம். சினிமாவைவிட வேகம்.

குறைகள் இல்லையா? உண்டு. கணினிக்கு நேரம் பிடிக்கும். துடிப்பே தாறுமாறாக இருந்தால் சிரமம். கணக்குப் போட்டு மீட்ட படம் பளபளப்பாக இருந்தாலும், சின்ன விஷயங்கள் அதில் அழிந்துபோகலாம். எல்லா மையங்களிலும் இந்த வசதிகள் கிடையாது. அதனால் இன்றும் பல இடங்களில் "மூச்சைப் பிடிங்க" என்ற குரல் கேட்கத்தான் செய்யும்.

31/
ஆகவே, உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இதய எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தால் கவனிக்க வேண்டியவை:

• மட்டமாகப் படுக்க முடியாவிட்டால், இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீர் குறையும் மருந்தைச் சரிசெய்துவிட்டு ஸ்கேனைத் தள்ளி வைக்கவும் வழி உண்டு.

• பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் கிளிப், உடலில் உலோகத் துண்டு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள்.

• இரண்டு நாள் முன்பிருந்தே பழகுங்கள். மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டு, அப்படியே பத்துப் பதினைந்து நொடி நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிறுத்துவதுதான் முக்கியம்.

32/
• உள்ளே போனதும் கையில் ஒரு பந்து மாதிரி அழைப்பு மணி தருவார்கள். அதை அமுக்கத் தயங்காதீர்கள்.

• பிடிக்க முடியவில்லை என்றால் "முடியல" என்று சொல்லுங்கள். நடுவில் திருட்டுத்தனமாகக் குட்டி மூச்சு விட்டால் படம் கெடும், யாருக்கும் ஏன் என்று தெரியாது. சொன்னால், நேரத்தைக் குறைக்கலாம், மூச்சு விட்டபடி எடுக்கும் முறைக்கு மாற்றலாம். "அப்படி ஒரு வசதி இங்கே இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். தப்பே இல்லை.

• திடீர் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் எம்.ஆர்.ஐ. பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் ஈ.சி.ஜி. உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

33/
நான் ரேடியாலஜிஸ்ட் கிடையாது. எம்.பி.பி.எஸ். படித்த பொது மருத்துவர். எங்கள் வார்டில் மூச்சு வாங்குபவர்கள் பலர் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி. பரிசோதனை சரியாக வரவில்லை என்றால் "என்னாலதான் ஒழுங்கா செய்ய முடியல சார்" என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். மூச்சைப் பிடிக்க முடியாதது உங்கள் தவறே இல்லை. அதுதான் உங்கள் நோய். அதைக் காட்டத்தான் நீங்கள் அங்கே போனீர்கள்.

அதைப் புரிந்துகொண்ட சிலர் பாஸ்டனிலும் ராசெஸ்டரிலும் லண்டனிலும் உட்கார்ந்து, மனிதர் மாற முடியாவிட்டால் இயந்திரம் மாறட்டும் என்று நாற்பது வருடம் உழைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இதய நோயாளி இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள். கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள், டியூட்டி முடித்து வந்து பதில் சொல்கிறேன்.